தம்பிக்கு ஒரு விலாசம்

ஓலைப்பெட்டியை மூடப் போகிறார்களாம் என்ற கதை ராசிக்கின் கடைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று வாய் தாண்டியிருந்தது. ஸ்காபரோவில் யாரோ ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் தன் மச்சானுக்குச் சொல்ல, மச்சான் கொழும்பு வெள்ளவத்தையில் ராசிக்கின் இன்டர்நெட் கடைக்குப் போட்டோகொப்பி எடுக்க வந்த இடத்தில் சொன்னான். அதை நாகேந்திரத்தாரிடம் எப்படிச் சொல்வது என்று ராசிக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான்.

“அங்கிள், ஒரு கதை ஈக்கிது. மெய்யா பொய்யா தெரியா. ஒங்கட அந்த ஓலைப்பெட்டி சைட்ட மூடப் போறாங்களாம்.”

“ஆர் சொன்னது?”

“கனடாவுல ஈக்கிற ஒராள்.”

“கனடாவில இருக்கிறவை கொழும்பையே மூடப் போறாங்கள் எண்டும் சொல்லுவினம்,” என்று சொல்லிவிட்டு நாகேந்திரம் வழக்கமான கதிரையில் போய் உட்கார்ந்தார். பக்கம் திறந்தது. உச்சியில் சிவப்பில் ஒரு வரி ஓடியது. செப்டெம்பர் முடிவோடு சேவை நிறுத்தப்படுகிறது. இதுவரை ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி.

அது 2008 ஓகஸ்ட். ஓலைப்பெட்டி, தமிழில் எழுதுகிறவர்கள் இலவசமாக வலைப்பூ வைத்துக்கொள்ள யாரோ ஒரு புண்ணியவான் வெளிநாட்டிலிருந்து நடத்திவந்த தளம். அங்கே கவிதை எழுதினார்கள், சமையல் எழுதினார்கள், அரசியல் எழுதி அடிபட்டார்கள். நாகேந்திரம் செஸ் எழுதினார். வாரம் ஒரு புதிர்: வெள்ளை ஆடி மூன்று நகர்வில் வெல்ல வேண்டும், எப்படி? கொச்சிக்கடையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். மகள் நோர்வேயில். கொழும்பில் தமிழர் எடுத்து வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் பாண் வாங்கக்கூட வெளிக்கிடமாட்டார். ஆறு மணிக்கு முன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவரைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் அதிகம் இல்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று, மாதத்தில் ஒன்றிரண்டு தடவை புதிருக்குக் கீழே பின்னூட்டமாக வரும் ஒற்றை வரி. எழுதுகிறவர் பெயர் ‘கறுத்தக் குதிரை’. புதிருக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமில்லை. ஓர் எழுத்து, ஓர் இலக்கம். வேறொரு ஆட்டத்தின் நகர்வு. எழுதுகிறவன் மகேந்திரம், அவருடைய தம்பி. கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் களஞ்சியத்தில் வேலை. சண்டையில் வடக்குப் பாதை பூட்டிய நாளிலிருந்து போனும் இல்லை. மின்னஞ்சல் எழுத அவனுக்குப் பயம், திறந்து பார்ப்பார்கள் என்று. ஒரு குதிரை எங்கே பாய்ந்தது என்பதில் திறந்து பார்க்க என்ன இருக்கிறது? ஆகவே அண்ணனும் தம்பியும் இரண்டு வருடமாக ஒரே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். சுகம் விசாரிப்பதில்லை. நகர்வு வந்தால் ஆள் இருக்கிறான்.

கடைசி நகர்வு ஓகஸ்ட் முதல் கிழமையில் வந்தது. நாகேந்திரம் அதற்குக் கீழேயே பதில் ஆடிவிட்டார். இப்போது மகேந்திரத்தின் முறை.

புது இடம் தேடும் வேலையை அவர் கப்பல் சாமான் இறக்குவது போல ஒழுங்காகச் செய்தார். ராசிக் புளொகரைக் காட்டினான், வேர்ட்பிரஸைக் காட்டினான், பேர் கேள்விப்படாத இன்னும் இரண்டைக் காட்டினான். நாகேந்திரம் கேட்டது கடையின் மூலையில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை.

“அங்கிள், எல்லாரும் நல்ல மெஷின் கேட்டு சண்ட புடிக்கிறாங்க. நீங்க மட்டும் எனத்துக்கு அந்தக் கெழட்டு மெஷின கேக்கிறீங்க?”

“அங்க இதைவிடக் கிழடாத்தான் இருக்கும்.”

ராசிக் மேலே கேட்கவில்லை. அங்கே என்றால் எங்கே என்று வெள்ளவத்தையில் யாரும் கேட்பதில்லை.

அந்த மெஷினில் ஒவ்வொரு தளத்திலும் ஒரு வலைப்பூ தொடங்கி, ஒரு வரி எழுதி, திறந்து பார்த்தார். ஒன்றில் தமிழ் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தது. ஒன்றில் படங்கள் வந்து முடிவதற்குள் ராசிக் ஒரு பிளேன்ரீ குடித்து முடித்தான். ஒன்று, பின்னூட்டம் எழுத முதலில் கணக்குத் திறக்கச் சொன்னது. மகேந்திரம் எந்தக் காலத்தில் தன் விபரம் கொடுத்தான்? மிஞ்சிய ஒன்றை எடுத்தார். அழகில்லாத, வெறும் வெள்ளைப் பக்கம்.

“இதுதான் சரி.”

“இதுவா? மௌத் நோட்டீஸ் மாதிரி ஈக்கிதே!”

“சாவுக் கதை கதையாதை, வாயைக் கழுவடா,” என்றார் நாகேந்திரம்.

ராசிக்கின் முகம் சுருங்கிவிட்டது. கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான். “அங்கிள், கோவிச்சிக்க வாணாம். போன கெழம பொலிஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. யார் வாறது, ஐடி நம்பர் எழுதுறதா, எல்லாம் கேட்டாங்க. ஒங்கட இந்த எழுத்தும் நம்பரும் ஈக்கிதே, அத ஒரு பொலிஸ்காரன் பாத்தா ரகசியக் கோட் எண்டு செல்லுவான். செஸ் எண்டு நீங்க வெளங்கப்படுத்தப் போறது எங்க? பொலிஸ்ட நாலாம் மாடி விசாரணையிலயா?”

நாகேந்திரம் கதிரையை மெஷினுக்குக் கிட்ட இழுத்தார். கப்பல் கந்தோர்க்காரர், எதையும் மூடிக் கட்டி முத்திரை குத்தி அனுப்பிப் பழகியவர். புது வலைப்பூவில் தன் பெயரை எடுத்தார். ஊர் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டார். எழுதுகிறவர் பெயர் ‘ஓர் ஆட்டக்காரர்’ என்று போட்டார். தேடுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் அகப்பட வேண்டாம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலும் சரி போட்டார். பழைய பக்கத்தில் மட்டும் ‘இடம் மாறுகிறோம்’ என்று புது விலாசத்தை எழுதி வைத்தார். மகேந்திரம் பார்ப்பான். பார்த்தால் நகர்த்துவான்.

மகேந்திரம் நகர்த்தவில்லை. செப்டெம்பர் நடுவில், உதவி நிறுவனங்கள் எல்லாம் கிளிநொச்சி உட்பட வன்னியை விட்டு வெளியேறுகின்றன என்று செய்தி வந்தது. களஞ்சியம் போனால் கம்ப்யூட்டரும் போகும். மாத முடிவில் ஓலைப்பெட்டியும் போனது. அடுத்த நாள் நாகேந்திரம் அந்த விலாசத்தை அடித்துப் பார்த்தார். பக்கம் இல்லை என்று ஆங்கிலத்தில் வந்தது.

வீட்டுக்கு வந்து, மேசையில் இருந்த செஸ் பலகையின் முன் உட்கார்ந்தார். இரண்டு வருட ஆட்டம் அதில் அப்படியே நின்றது. மனைவி நேசமலர் அதைத் தூசு தட்டும்போதுகூடக் காய்களைத் தூக்குவதில்லை.

“எல்லாம் ஒழுங்காத்தான் செய்தனான்,” என்றார். “ஒருத்தரும் எங்களைப் பிடிக்கேலாது. பேர் இல்லை, ஊர் இல்லை, தேடினாலும் வராது.”

நேசமலர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “அப்ப மகேந்திரம் என்னெண்டு பிடிக்கிறது?”

“பழைய இடத்தில விலாசம் போட்டனான்தானே.”

“அவன் அதைப் பாக்கேல்லை எண்டால்? எங்கையாவது ஒரு கம்ப்யூட்டர் கிடைச்சால் அந்தப் பொடியன் முதல் என்னப்பா செய்வான்? உங்கட பேரைத்தானே அடிச்சுத் தேடுவான்.”

நாகேந்திரம் பலகையின் ஓரத்தை விரலால் துடைத்தார்.

“போன் எடுக்கவும் வழியில்லை,” என்றாள் நேசமலர். “முந்தின பாமன்கடை வீட்டு நம்பர்தானே அவனிட்டை இருக்கு. நாங்கள் இஞ்ச மாறி வந்தது அவனுக்குத் தெரியுமோ? அதையும் எழுதப் பயந்து எழுதேல்லை நீங்கள். இஞ்சருங்கோ, பொலிஸுக்கு ஒளிச்சு ஒளிச்சு நீங்கள் தம்பிக்கும் ஒளிச்சிட்டியள்.”

அவர் அன்றிரவு சாப்பிட்டார், நித்திரையும் கொண்டார். காலையில் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, பதிவுத் துண்டு பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ராசிக்கின் கடைக்குப் போனார். தேடுகிறவர்களுக்குப் பக்கத்தை மறைத்த அந்தக் கட்டத்தில் போட்ட சரியை எடுத்தார். எழுதுகிறவர் பெயர் என்ற இடத்தில் நாகேந்திரம் என்று முழுப் பெயரையும் எழுதினார். கீழே, முன்னர் பாமன்கடை, இப்போது வெள்ளவத்தை. ஒழுங்கையின் பெயர். வீட்டு போன் நம்பர். தம்பியின் பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை.

ராசிக் பின்னால் வந்து நின்று வாசித்தான்.

“அங்கிள், நீங்க என்ன, கலியாணத்துக்கு விளம்பரம் போடுறீங்களா?”

“ஓம். உனக்குத் தெரிஞ்ச பொம்பிளை இருந்தால் சொல்லு.”

ராசிக் சிரிக்கவில்லை. “இத எடுத்துடுங்க. நான் ஒங்கட நன்மைக்குத்தான் செல்லுறேன்.”

“தெரியும் தம்பி. இனி உன்ர கடையிலயிருந்து எழுதமாட்டன். உனக்குக் கரைச்சல் வராது.”

“அதச் செல்லலியே நான்,” என்றான் ராசிக். ஆனால் இருக்கச் சொல்லவும் இல்லை. நாகேந்திரம் எழும்பிக் கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனார். அதன் பிறகு காலி வீதியில் இன்னும் தள்ளியிருந்த ஒரு கடைக்குப் போனார். அங்கே எல்லா மெஷினும் புதிது. பக்கம் உடனே திறந்தது. பின்னூட்டம் எதுவும் இல்லை என்பதும் உடனே தெரிந்தது.

ஒக்டோபர் போனது. புதிர் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. லண்டனிலிருந்து யாரோ ஒருவர் இரண்டாம் நகர்வில் பிழை இருப்பதாக எழுதினார். பிழை இருந்தது, திருத்தினார். இடப்பெயர்வு பற்றிய செய்திகளை நேசமலர் ரேடியோவில் கேட்டாள், அவர் குசினியில் நின்று கேட்டார். தம்பியைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. பலகையில் கறுப்பு ஆட வேண்டியிருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பின்னேரத்தில் போன் அடித்தது. மகள் சனிக்கிழமைகளில்தான் எடுப்பாள். வேறு யாரும் எடுப்பதில்லை. நம்பர் தெரியும் சின்னக் கண்ணாடியில் நம்பர் வரவில்லை, வெறும் கோடுகள்.

நேசமலர் குசினி வாசலுக்கு வந்து நின்றாள். கையில் மா.

“எடுங்கோவன்.”

நாகேந்திரம் எழும்பினார். போனுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார். அந்த நம்பரை இப்போது நாட்டில் வாசிக்கத் தெரிந்த எவரும் எடுக்கலாம். எழுதியது அவர்தான்.

“பொலிஸ் எண்டால்?” என்றார்.

“பொலிஸ் எண்டால் வீட்டுக்கு வருவாங்கள். அவன் எண்டால், நீங்கள் எடுக்காட்டி வைச்சிடுவான்.”

அவர் கையை நீட்டினார். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.