வழக்கம் இல்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ‘வழக்கம்’ என்ற சொல் பெரும்பாலும் ‘இல்லை’யோடு சேர்ந்தே வரும். துரை எதிரே வந்தால் குடை பிடிக்கிற வழக்கம் இல்லை. ஆபீஸ் கிளாக்கர் வீட்டுப் படி ஏறுகிற வழக்கம் இல்லை. இதையெல்லாம் யார் ஏற்படுத்தியது என்று கேட்கிற வழக்கமும் இல்லை.

ஹட்டனில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரானேன். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் இருக்கும். காலுக்குச் சப்பாத்து போட்டேன். வாத்தியார் கூலியாட்களோடு லயத்து வரிசை வீட்டில் படுப்பது வழக்கம் இல்லை என்றார்கள்; அப்பா அம்மாவை விட்டுப் பள்ளிக்கூடத்து அறைக்குக் குடிபோனேன். சந்தோஷமாகத்தான் போனேன்.

புதிதாக மாற்றலாகி வந்த பெரிய கிளாக்கர் ஞாயிறுதோறும் என்னைத் தேநீருக்கு அழைப்பார். பத்திரிகைச் செய்தி பேச அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் அப்பா யார் என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு பிற்பகல், விறாந்தையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நல்ல மழை. படிக்குக் கீழே அப்பா வந்து நின்றார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்திருந்தார். தலைத்துண்டு இடுப்பில் இருந்தது.

“ஐயா, வீட்டுப் பொம்பளைக்கு மூச்சு இழுக்குதுங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் குடுத்தீங்கன்னா லொறியில ஏத்திடலாங்க.”

“துண்டு ஆபீஸ்லதான். நாளைக்குக் காலையில பெரட்டுல பேர் போட்டு முடிஞ்சதும் வா. வீட்டுல வந்து கேக்குற வழக்கம் இல்லன்னு தெரியாதா?”

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்காமலே திரும்பி நடந்தார்.

“ஆளைத் தெரியுமா மாஸ்டர்?” என்றார் கிளாக்கர்.

“மேல் லயத்து ஆள்” என்றேன்.

மீதித் தேநீரையும் குடித்தேன். பாதியில் எழுந்து போவது மரியாதையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோப்பையை வைத்துவிட்டு, அவர் கண்ணில் படாத தூரம் வரை நடந்து, பிறகு ஓடினேன்.

அதற்குள் அம்மாவைக் கம்பளியில் கிடத்திக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். றோட்டு வளைவில்தான் பிடித்தேன். முன்பக்கம் அப்பாவின் தோள். கம்பை வாங்கக் கை நீட்டினேன்.

“விடுங்க. சட்டை அழுக்காயிடும்” என்றார்.

அவர் என்னை அதுவரை ‘நீங்க’ என்று அழைத்ததே இல்லை. நான் பின்னால் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் துண்டை யாரும் கேட்கவில்லை. வாசலில் இருந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். “கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாமே” என்றாள் தாதி. செவ்வாய்க்கிழமை விடியும்போது அம்மா இறந்துபோனாள்.

கிளாக்கர் குடையோடு துக்கத்துக்கு வந்தார். என் கையைப் பிடித்து, “அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுதிக் குடுத்திருப்பேனே மாஸ்டர்” என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் இன்றும் அறுக்கிறது. ஒரு வார்த்தைக்கு உடைகிற வழக்கத்தைத்தான் மலை மாதிரி நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

அப்பா அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நான் லயத்துக்குப் போனால் எழுந்து நின்று, “வாங்க மாஸ்டர்” என்பார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று ஒருநாள் அழுதேன். பலகையைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்” என்றார்.