அத்தைக்கு வாயில் புற்று

அத்தைக்கு வாயில் புற்று என்று நான் ஒட்டுக்கேட்டபோது, அவள் கொடுத்த எள்ளுருண்டை என் வாய்க்குள் இருந்தது. முழுசும் இல்லை. முந்தானையைச் சுற்றிக் காக்கா கடி கடித்து அவள் தந்த பாதி.

அத்தை அப்பாவின் அக்கா. முத்தியால்பேட்டையில் எங்களுக்குப் பக்கத்து வீடு. "அண்ணிக்கு..." என்று ஆரம்பித்த அம்மா, அடுத்த சொல்லை அடுப்புக்குக்கூடக் கேட்காதபடி விழுங்கிவிட்டாள். எனக்குக் கிடைத்தது மிச்சம்தான். "...வாய்ல புத்தாம். கோரிமேட்டு ஆஸ்பத்திரில கரண்டு வெக்கணுமாம். ஆம்பள டாக்டர் பாப்பாருன்னு அண்ணி போவ மாட்டேங்கறாங்க."

மூன்றாம் வகுப்புக்காரனுக்குத் தெரிந்த புற்று ஒன்றுதான். வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி, வெள்ளிக்கிழமை பால் ஊற்றுவார்களே, அது. அத்தையின் வாய்க்குள் அது எப்படி முளைத்தது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. காக்கா கடி வழியாக எனக்கும் வந்திருக்குமே! அப்பாவின் டார்ச்சோடு கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்தேன். கடைவாய்ப் பல் இடுக்கில் கறுப்பாக எறும்புகள். எள் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த நேரம் மறந்துபோயிருந்தது.

இதில் கரண்டு வேறு. கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஊரில் அதுதான் பேர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மழைக்காலத்தில் சுவிட்சைத் தொட்டாலே ஷாக் அடிக்கிற வீடு எங்களுடையது. அதை வாயிலேயே வைப்பார்களாம்!

மறுநாள் சுகாதார நிலையத்து நர்சம்மா அத்தையைத் தேடி மறுபடியும் வந்தார். அவர் எவ்வளவோ சொல்லியும் அத்தை சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். நான் நடுவில் புகுந்து, பாயில் சம்மணம் போட்டு, வாயை ஆவென்று திறந்து காட்டினேன்.

"எனக்கும் புத்து இருக்கு. ஆனா கரண்டு வேணாம். மாத்திர இருந்தா குடுங்க. அத்தைக்கும் மாத்திரயே குடுத்துடுங்க."

நர்சம்மா எட்டிப் பார்த்தார். "எள்ளுடா இது!"

பல நாளாகச் சிரிக்காத அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. நர்சம்மா அதற்காகவே காத்திருந்தவர்போல அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"லேடி டாக்டர் இருக்கற நாளா விசாரிச்சுச் சொல்றேன்க்கா. நானே பஸ்ல கூட வரேன்."

"இந்தக் கொரங்க வூட்லயே வுட்டுட்டு வர்றதா இருந்தா வரேன்" என்றாள் அத்தை.

போனாள். பல வாரம் போய்ப்போய் வந்தாள். இளைத்துத் திரும்பியவளின் வாயை உற்று உற்றுப் பார்த்தேன். கரண்டு வைத்த தடமே இல்லை. பலே டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்திலேயே பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். செல்போனில் வந்த புரளியெல்லாம் படித்து வேர்த்துப்போயிருந்த எனக்குத் துணையாக, ஊன்றுகோலோடு அத்தை வந்தாள். அங்கே ஒரு நர்ஸ் மைக்கைப் பிடித்து, "இது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம தடுக்கற ஊசி" என்றார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

நான் கையைத் தூக்கினேன். "பின்னால கொழந்த பொறக்காதுன்னு சொல்றாங்களே மேடம்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார். கை வலிக்கும், லேசா காய்ச்சல் வரலாம். ஊசி போட்டு கொஞ்ச நேரம் உக்கார வெச்சுப் பாத்துட்டுதான் அனுப்புவோம். ஒங்களுக்கு இப்பவே ஒரு சேர் போடச் சொல்லட்டுமா?"

கூட்டம் சிரித்தது. உட்கார்ந்த பிறகுதான் 'வாய்' என்ற சொல் மண்டையில் இறங்கியது. அன்றைக்கு அம்மா விழுங்கிய சொல் எது என்பது இத்தனை வருஷம் கழித்து ஒரு மைக்கிலிருந்து எனக்குக் கிடைத்தது. அத்தை அவ்வளவு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கென்றும், நர்சம்மா ஏன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனார் என்றும் அந்த எள்ளுருண்டைப் பயலுக்கு எங்கே தெரியும்? அவர் மறுபடியும் வாசலுக்கு வந்திராவிட்டால், இப்போது எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

"அத்தே, அப்ப அன்னிக்கு ஒனக்கு வந்தது..."

"வாய மூட்றா" என்றாள் அத்தை. ஊன்றுகோலை எடுத்து வரிசையைக் காட்டினாள். "போயி புள்ள பக்கத்துல நில்லு. அவ முறை வந்துடுச்சு."