குறுக்கு ரோட்டில் மூங்கில் கட்டிய கதை

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பது, யாரிடமும் சண்டை போடாத ஆளாகப் பார்த்துப் பிடித்து, எல்லோரிடமும் சண்டை வாங்கிக் கொடுக்கிற உத்தியோகம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் மாசா மாசம் தவறாமல் வந்துவிடும். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்குக்கு நான் இரண்டு வருஷம் செயலாளர். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன் வேலை போக மிச்ச நேரத்தில் இது. செயலாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. அதனால் ஏகமனதாக ஜெயித்தேன். எங்காவது ஒரு சங்கத்தில் மினிட்ஸ் நோட்டைச் சுமந்த சக தியாகிகளே, என் வலி உங்களுக்குத்தான் புரியும்.

யார் சங்கிலி?

எங்கள் பிளாக்கில் குடியிருக்கும் கலாவதி டீச்சர் காலையில் நடக்கப் போனபோது, குறுக்கு ரோட்டில் பைக்கில் வந்த இரண்டு பேர் அவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் கீழே விழுந்து முழங்கையில் நல்ல அடி. அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். வழக்கமாகப் பத்துப் பேர் வந்தால் அதிசயம். அன்றைக்கு உட்கார நாற்காலி இல்லை.

போலீஸ் ரோந்து வேண்டும் என்றார் ஒருவர். கேமரா வேண்டும் என்றார் இன்னொருவர். கேமராவை யார் வீட்டைப் பார்த்து வைப்பது என்று அரை மணி நேரம் போனது. தலைவர் தனசேகரன் சார், ரிடையர் ஆக ஒரு வருஷமே பாக்கியிருந்த ஃபோர்மேன், எழுந்து முடிவாகச் சொன்னார்: "அந்த ரோட்டுல பக்கத்துக் கிராமத்து ஆளுங்க வேலைக்கு வந்து போறதுதான் எல்லாத்துக்கும் காரணம். ரோட்டை அடைக்கணும்." ஒரே கைதட்டல். கட்டுப் போட்ட கையோடு மூலையில் உட்கார்ந்திருந்த டீச்சரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கைதட்டல் அடங்கியதும் அவரே கேட்டார்:

"அறுந்தது என் சங்கிலி சார். நான் ரெண்டு வார்த்தை பேசலாமா, இல்ல அதுக்குத் தனியா தீர்மானம் போடணுமா?"

நேரமாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லிவிட்டோம். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ரோந்து

ரோட்டை அடைப்பதற்கு முன்னால் சட்டப்படி ஒரு எட்டு போய்ப் பார்ப்போம் என்று தலைவரும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டையா மரியாதையாக உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஆள் பற்றாக்குறையை விளக்கினார். உங்கள் பிளாக்கிலேயே முறை வைத்து நாலு பேர் காவல் நின்றால் என்ன என்று கேட்டார். தலைவருக்குச் சுருக்கென்றது. "நாங்க ஷிப்டு பாக்கறவங்க, தெரியுமில்ல?" என்றார். ஏட்டையா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"நாங்களும் ஷிப்டுதான் சார். உங்களுக்கு ஷிப்டு முடிஞ்சா முடிஞ்சாச்சுன்னு சங்கு ஊதறாங்க. எங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் ஊதுவாங்க."

நகர அமைப்பு

கேட் போட டவுன்ஷிப் ஆபீஸ் அனுமதி வேண்டும். மனுவைக் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை தற்காலிகமாக இரண்டு தார் டிரம்மை வைத்து நடுவில் ஒரு மூங்கிலைக் கட்டுவது, ஏட்டையா சொன்னபடியே முறை வைத்துக் காவல் நின்று அடையாள அட்டை உள்ளவர்களை மட்டும் விடுவது என்று தீர்மானித்தோம். எந்த இடத்தில் கட்டுவது? அன்றைக்கு எங்கள் பிளாக்கில் இத்தனை நகரமைப்பு நிபுணர்கள் இருப்பது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொருவரும் சாக்பீஸால் ரோட்டில் கோடு போட்டார்கள். ஒவ்வொரு கோடும் அடுத்தவர் வீட்டு வாசலில் இருந்தது.

அந்த ரோட்டு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய் கடைசிவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாடிக்கையில் பாதி அந்தக் கிராமத்து ஜனங்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன பாய் என்று நான் நோட்டும் பேனாவுமாகக் கேட்டேன்.

"தாராளமா அடைங்க தம்பி. கடையை மட்டும் தூக்கி அந்தாண்ட வச்சிட்டு அடைங்க."

அடையாள அட்டை

காவல் முறையில் முதல் காலை எனக்கு. விசிலும் கழுத்துமாக மூங்கில் பக்கத்தில் நின்றேன். முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியவர் வேல்முருகண்ணன். என் செக்‌ஷனிலேயே கான்ட்ராக்ட் வேலை. அவர் வீட்டு முருங்கைக்கீரைப் பொரியலை நான் எத்தனையோ நாள் தின்றிருக்கிறேன். என்னோடு காவல் நின்றவர், "அட்டையப் பாத்துட்டு விடுங்க, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். நானும் கேட்டேன். கேட்டே விட்டேன். அவர் சட்டையைத் தடவிப் பார்த்தார். அட்டையை வீட்டில் விட்டு வந்திருந்தார். நான் மூங்கிலைத் தூக்குவதா வேண்டாமா என்று யோசித்த நேரத்தில் அவர் சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

மெயின் ரோடு சுற்றிப் போனதில் நேரமாகி, அன்றைக்கு அவருக்கு வேலை போடவில்லை. சாயங்காலம் மன்னிப்புக் கேட்க அவர் வீடு தேடிப் போனேன். கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. எப்போதும் தம்பி என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு நாற்காலி போட்டு 'சார்' என்றார்:

"உங்க பிளாக்கு இருக்கற எடத்துலதான் சார் எங்க கொல்ல இருந்திச்சி. எங்கப்பா அதுல ஏர் ஓட்டிக்கினு இருந்தப்ப, யாருகிட்டயும் அட்ட கேட்டதில்ல."

தீர்மானம்

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக டீச்சரைப் பேசச் சொன்னேன். தலைவர் முறைத்ததைப் பார்க்காத மாதிரி நோட்டைப் புரட்டினேன். டீச்சர் சுருக்கமாகப் பேசினார். அன்றைக்கு விழுந்த தன்னைத் தூக்கி உட்காரவைத்து, துண்டால் கையைக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சைக்கிளில் வேலைக்குப் போன கிராமத்துக்காரர்கள்தான். நம்மாட்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்கள். "மூங்கில் கட்டினதுலேர்ந்து ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. இப்பதான் எனக்கு நடக்கவே பயமா இருக்கு."

யாரும் கைதட்டவில்லை. மூங்கிலை எடுத்துவிட்டு, எரியாத தெருவிளக்குகளுக்கு மனுக் கொடுப்பது என்று முடிவானது. மறுநாள் நானும் ரஃபீக் பாயும் டிரம்களை உருட்டித் தள்ளினோம். வேல்முருகண்ணன் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார். பொரியல் தருகிறார், தம்பி என்று மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. அன்று கூட்டம் முடிந்ததும் தலைவர் என்னை ஓரமாக அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னார்:

"எடுக்கறதப் பத்தி எனக்கு ஆட்சேபணை இல்ல தம்பி. மினிட்ஸ்ல மட்டும் 'திட்டம் வெற்றிகரமாக முடிவுற்றது'ன்னு எழுதிடு."

எழுதினேன். ஆக, இரண்டு வருஷத்தில் எங்கள் சங்கம் ஊருக்குச் செய்த ஒரே நல்ல காரியம், தான் செய்ததைத் தானே பிடுங்கிப் போட்டதுதான்.