பதினோரு ஒன்றுகள்

பங்காருபேட்டையில் ரயில் நின்றிருந்தது. மழைக்கு அடைத்த ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருக்க, விரலால் சும்மா கோடு கோடாக இழுத்தேன். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. 11111111111. இதை எது வகுக்கும்? அந்தக் கேள்வி அங்கேயே பிடித்துக்கொண்டது.

நான் மாரிகுப்பத்தில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். ரயில் கிளம்பும் இடம் என்பதால் ஜன்னல் சீட் எனக்குத்தான். பங்காருபேட்டையில் ஏறும் அக்கா ஒருத்தி தினமும் என் எதிரே நின்றபடியே வருவாள். அன்றும் வந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

"இன்னாடி, வேலி போடுறியா?"

"நம்பருக்கா. இத வகுக்கிறது எதுன்னு போனத் தொடாம கண்டுபுடிச்சிக் காட்டுறேன். எதுவும் வகுக்கலன்னா பிரைம்."

"தப்பா சொன்னா?"

"ஒரு வருஷம் இந்த சீட்டு உனக்கு."

லேடீஸ் பெட்டி முழுக்கச் சாட்சி.

எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பதினொன்று பகா எண். அதனால் இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 22-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வந்தாக வேண்டும். 23, 67, 89, 199... இப்படி ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை போனால் போதும். தினமும் காகிதத்தை மடியில் வைத்து வகுத்தேன். மழை போய்ப் பனி வந்தது, பனி போய் வெயில் வந்தது.

"எவ்ளோ தூரம்டி?" என்று அக்கா கேட்பாள். சொல்வேன். தலையாட்டுவாள்.

முடித்த அன்று ஆண்டர்சன்பேட்டையில் மைசூர்பாகு வாங்கிப்போய்ப் பெட்டி முழுக்கக் கொடுத்தேன். "பிரைம்!" என்று கத்தினேன். அக்கா தன் துண்டை நிதானமாகத் தின்று விரலை நக்கிக்கொண்டாள்.

"இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பது. அதால வகுடி."

வகுத்தேன். 513239. மீதி இல்லை. பழைய காகிதத்தைத் தேடி எடுத்தேன். கடைசிப் படியில் ஒம்போது ஒம்போது எண்பத்தொன்று. எட்டைக் கையில் வைப்பதற்குப் பதில் ஏழை வைத்திருக்கிறேன். மீதி பத்து என்று எழுதி அடித்துவிட்டு மேலே போயிருக்கிறேன்.

"எப்பக்கா தெரியும்?"

"மொத நாளே போன்ல பாத்துட்டேன். போனத் தொடக்கூடாதுன்னது உனக்குத்தானே?"

"நான் அதத் தாண்டினப்பவே சீட்டக் கேட்டிருக்கலாமே?"

"நின்னுகினு பாக்கவே நல்லா இருந்துச்சிடி. நீ தெனம் தலையக் குனிஞ்சிகினு வகுப்பியே, அதுக்காக இன்னும் ஒரு வருஷம்கூட நிப்பேன்."

பெட்டி சிரித்தது. என் மைசூர்பாகு வாயில் இருக்கும்போதே சிரித்தது.

"எந்திரிங்க மேடம்."

எழுந்தேன். அக்கா உட்கார்ந்து, என் கால் இருந்த இடத்தில் காலை நீட்டிக்கொண்டாள்.

நாளையிலிருந்து பத்தொன்பது ஒன்றுகள். இந்த முறை 38-ஆல் மீதி ஒன்று வரும் பகா எண்கள். ஒரு கை கம்பியில் இருக்கும், எழுத முடியாது; மனசுக்குள்ளேயே வகுக்க வேண்டும். முதலில் 191.