அரிசி கழுவும்போது ஓடிய ஜப்பான் பாட்டு

முதலாளி. அவர் மனைவி. கோப்பை கழுவும் பருத்தித்துறையான். நான். பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் பக்கத்தில் இருந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடையின் குசினியில் அன்று இவ்வளவு பேர்தான். முதலாளியும் மனைவியும் ஜப்பான்காரர்.

இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம். வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். அக்கா குடும்பம் உள்ளே இருந்தது. மாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

குசினியில் பழைய கசெட் பெட்டி ஒன்று இருந்தது. தமிழ்ப் பாட்டுப் போடுவோம். அந்த மாதம் போடவில்லை. செத்தவீட்டில் பாட்டுப் போடுவதில்லை. எங்கள் வீடு செத்தவீடா என்று தெரியாது. ஆனாலும் போடவில்லை. லாச்சப்பல் தமிழ்க் கடைகளிலும் பாட்டு நின்றிருந்தது.

குசினி சத்தமில்லாமல் கிடந்தது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு கசெட் கொண்டுவந்து போட்டார். அவர் இளந்தாரியாக இருந்த காலத்துப் பாட்டாம். ஒரு கிட்டார். ஒரு ஆள் பாடினான்.

"அண்ணை, நிப்பாட்டச் சொல்லட்டோ?" என்றான் பருத்தித்துறையான்.

"விளங்காத பாட்டுத்தானே. கிடக்கட்டும்."

"ஒப்பாரி மாதிரிக் கிடக்கு."

"ஒப்பாரி எண்டால் உரத்து வைப்பினம். இவன் பிள்ளை நித்திரை கொள்ளுற வீட்டில கதைக்கிற மாதிரியெல்லோ பாடுறான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

நான் அரிசி கழுவினேன். அந்த அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். பாட்டின் வேகம் அதற்குச் சரியாக இருந்தது. பாடுகிறவன் எங்கும் குரலை உயர்த்தவில்லை. என்னை அழவைக்கப் பார்க்கவில்லை. நடுவில் அவன் நிறுத்திக்கொள்ள, கிட்டார் மட்டும் போனது. அந்த இடம் நல்லாயிருந்தது. முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னேன்.

என்ன பாட்டு என்று முதலாளியிடம் பிரெஞ்சில் கேட்டேன். யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தன் உடுப்புத் தோய்த்துக் காயப்போடுகிறான் என்றார்.

"பிறகு?"

"காய்கிறது."

அந்தக் கசெட் இப்போது என்னிடம் இருக்கிறது. குசினியில் தமிழ்ப் பாட்டுத் திரும்ப வந்த பிறகு, முதலாளி எனக்குத் தந்துவிட்டார். இடைக்கிடை போடுவேன். ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்று பிள்ளைகள் பிரெஞ்சில் கேட்பார்கள். நல்ல பாட்டு என்பேன்.

அன்று அது இரண்டாம் தரம் ஓடிக்கொண்டிருந்தபோது என் கைபேசி அடித்தது. அக்கா. முகாமில் யாரோ ஒருவரின் போனை வாங்கிக் கதைத்தாள்.

"ஆர் ஆர் நிக்கிறியள், அக்கா?"

"நானும் சின்னவளும்."

"மற்றாக்கள்?"

"இல்லை, தம்பி. போன் குடுக்கவேணும். வைக்கிறன்."

பருத்தித்துறையான் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தக் கை நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஈரக் கையைத் துடைக்காமல் போனை எடுத்திருந்தேன். அதைத் துடைத்து வைத்துவிட்டு மிச்ச அரிசியைக் கழுவினேன்.

அக்கா குடும்பம் ஆறு பேர். வெளியே வந்தது இரண்டு.