நீளிருக்கையின் ஓரம்

சப்பானியர் ஆட்சியில் நான் மலாக்கா நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தேன். காஜா பெராங் வட்டாரத்து வீடொன்றுக்காக, மணவிலக்குப் பெற்ற கணவரோடு நெடுநாள் வழக்காடினார் மெலிந்த அம்மையார் ஒருவர். கணவரின் நிழலும் தம்மேல் படாதவாறு நீளிருக்கையின் ஓரத்திலேயே அமர்வார்.

போனவர் பலர் திரும்பாத சயாம் இரயில்பாதை வேலைக்கு அக்கணவரைச் சப்பானியர் பிடித்துச் சென்றபின், வழக்கு நாளன்று சொன்னேன்: “எதிராளி வரலம்மா. கையெழுத்துப் போடுங்க, இன்னிக்கே வீடு உங்களுக்கு.”

“அந்தப் பொய்யன் என் முன்னால நின்னு தோக்கணும் ஐயா. வாய்தா போடுங்க.”

“வராமலே போயிட்டா?”

“வாயைக் கழுவுங்க! வீட்டையும் நான் எடுத்துக்கிட்டா, வந்து எங்க படுப்பாரு?”

அதன்பின்னும் வழக்கு நாள் தவறாமல் வந்து வாய்தா கேட்டார். இருக்கை முழுவதும் வெறுமையாய்க் கிடக்க, அதே ஓரத்தில் ஒடுங்கி அமர்ந்தார். நடுவில் அமருமாறு சொல்லாமல், அடுத்த வாய்தா நாளை எழுதிக் கொடுத்தேன்.