செவலைக்குச் சொன்ன ஆறு

கமலாத்தாளிடம் போய், "ஒரு ராத்திரி வெளியூரில் தங்கிவிட்டு வாயேன்" என்று சொல்லிப் பாருங்கள். "செவலைக்கு யாரு பதில் சொல்றது?" என்று திருப்பிக் கேட்பாள். செவலை என்பது மாமியாரோ நாத்தனாரோ இல்லை, மாடு. அதற்கு முன்னால் அதன் தாய்க்குப் பதில் சொன்னாள், அதற்கும் முன்னால் அதன் பாட்டிக்கு. வேலந்தாவளத்துப் பக்கம் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இதே கதைதான்.

கூடப்பிறந்த தம்பி கல்யாணத்தில் தாலி ஏறியதும் பந்தியில்கூட உட்காராமல் பஸ் பிடித்தவள் அவள். மகள் கோயமுத்தூரில் பிள்ளை பெற்றபோது பேரனைக் கையில் வாங்கி, "மூக்கு அப்படியே உங்க அய்யன் மூக்கு" என்று மகளிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயந்திரக் கறவைக்கு வீடு வந்து சேர்ந்தாள். மற்ற இரண்டு மாடுகளும் யார் உட்கார்ந்தாலும் கறக்கும். செவலை மட்டும் அப்படி இல்லை. வேறு கை பட்டால் போதும், பால் கறக்கிற போசி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு ஆசை இருந்தது. இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு நிற்கிற தண்ணீரை ஒரு தடவை பார்க்க வேண்டும், அதில் படகேறிப் போக வேண்டும். அவர்கள் பக்கத்து ஆற்றில் மழை பெய்த நாலு நாள் தண்ணீர் ஓடும். மற்ற நாளில் அதில் ஆடு மேயும். போர்வெல் போட்டால் புகைதான் வரும். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு வேறென்ன ஆசை இருக்கும்!

குடும்பஸ்ரீ மகளிர் குழுக்காரர்கள் வேன் பிடித்துத் தேக்கடிக்குக் கிளம்பியபோது, செயலாளர் யோகப்பிரியா இவள் பேரையும் கேட்காமலே சேர்த்துவிட்டாள். கமலாத்தாள் முடியவே முடியாது என்றாள். அவள் புருஷன் சென்னிமலைதான் விடவில்லை.

"நீ போய்ட்டு வா அம்மிணி. ரெண்டு பேரும் போனா மாடு பட்டினி. போறது ஒருத்தருன்னா அது நீயாத்தான் இருக்கோணும்."

"செவலை ஒதைக்குமேங்க?"

"உனக்குக் காய்ச்சல் வந்தப்ப நான் கறக்கலியா? உன்ற கட்டுத்தறிச் சீலையச் சுத்திக்கிட்டு உக்காந்தா அதுக்கு என்ன தெரியப் போகுது?"

அது உண்மைதான். ஒரு வருஷம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, மாட்டுக் கொட்டிலில் அவள் கட்டுகிற, சாண வாசனையும் வேர்வையும் ஏறிய பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு மனுஷன் கறந்தார். மீசையும் சேலையுமாக அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்து இன்றைக்கும் சிரிப்பாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர், தனக்காகச் சேலையைச் சுற்றிக்கொண்டு உதை வாங்கவும் தயாராக நிற்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் செய்த காரியம்தான் வினை. ஊருக்குப் போகிற வீட்டுக்காரி அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுப் போனாள் என்று யாரும் வாயெடுக்கக் கூடாதாம். போர்வை, தலையணை உறை, கட்டியது, கட்டாதது எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டாள். ஆற்றில் குளிக்க ஒரு பழஞ்சேலை வேண்டுமே என்று கட்டுத்தறிக் கொடியில் துவைக்காமல் கிடந்த பச்சைச் சேலையைச் சுருட்டிப் பையில் திணித்தாள். மகராசி!

விடியும் முன்பே செவலையைக் கறந்துவிட்டு வேன் ஏறினாள். கம்பராயப் பெருமாள் கோயிலில் கும்பிட்டபோது, "எல்லாம் ஒழுங்கா நடக்கோணும் சாமி" என்றாள். குமுளி மலை ஏறியதும் ஏலக்காய் வாசனை. வண்டிப்பெரியாறு போய்த் தேயிலைத் தோட்டம் பார்த்தார்கள். மலை முழுக்கப் பச்சை. இவ்வளவு பச்சைக்கும் ஒருத்தரும் வாய்க்கால் மடை திருப்பவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். மேகம் கையெட்டுகிற தூரத்தில் போனது.

தேக்கடியில் படகுத் துறைக்கு இறங்கியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர்! பெரியாற்றை மறித்துத் தேக்கிய தண்ணீர் காட்டுக்குள் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடந்தது. "ஆத்தாடி" என்று முனகிக்கொண்டே படகு வரிசையில் போய் நின்றாள். அப்போதுதான் போன் அடித்தது.

"அம்மிணி, அந்தப் பச்சைச் சீலைய எங்க வெச்ச?"

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிப் போயிற்று. பச்சைச் சேலை அவள் தோளில் தொங்கிய பையில் இருந்தது.

"ஏனுங்க... அது எங்கூட வந்துருச்சுங்க."

"சரியாப் போச்சு. பொட்டியில இருக்கறதெல்லாம் கட்டிப் பாத்துட்டேன். எல்லாம் சோப்பு மணக்குது. ரெண்டு ஒதை வாங்கியாச்சு. மடி கல்லாட்டம் இறுகிக் கிடக்குது."

விட்டால் மடிநோய் வரும். ஒரு காம்பு போனாலும் மாட்டின் வாழ்வே போச்சு. வரிசை நகர்ந்தது. "அக்கா, கடைசிப் படகு! இதை விட்டா இல்லை" என்று யோகப்பிரியா கையைப் பிடித்து இழுத்தாள். கமலாத்தாள் படகைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு விலகினாள்.

"நீங்க போங்க கண்ணு. படகு நடுத் தண்ணிக்குப் போனா போன் எடுக்குமோ என்னவோ."

யோகப்பிரியா முகம் வாடிப் படகேறினாள். கமலாத்தாள் போனை வெட்டாமல் கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அழுகை முட்டியது. காய்ச்சலில் கிடந்த அந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவர் சேலை கட்டிக் கறந்தது சரி, ஆனால் கட்டிலில் கிடந்தபடி அவள் விடாமல் கத்திக்கொண்டல்லவா இருந்தாள்! 'மெல்லப் புடிங்க, காம்பை இழுக்காதீங்க' என்று. கறக்கும்போது அவளுக்கு வாய் மூடாது. ஊர்க்கதை பூராவும் செவலைக்குச் சொல்லித்தான் கறப்பாள்.

"ஏனுங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டுச் சட்டைப் பையில வைங்க. சீலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் பேசறேன், நீங்க கறங்க."

"கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"வைங்கங்கறேன்ல!"

வைத்தார். அவள் ஆரம்பித்தாள். "செவலை, என்ற சாமி, நில்லு தங்கம். நான் எங்க இருக்கேன் தெரியுமா? எம்மாந் தண்ணிங்கற! நம்ம பஞ்சாயத்து பூராவும் குடிச்சாலும் தீராது கண்ணு. தண்ணிக்குள்ள பட்ட மரமா நிக்குது, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு நீர்க்காக்கா. ஒண்ணு றெக்கைய விரிச்சுக் காயப் போட்டிருக்குது, நான் நேத்து சீலை காயப் போட்டாப்பல..."

துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். போனில் போசிக்குள் பால் விழுகிற சத்தம் கேட்டது. முதலில் விட்டு விட்டு, பிறகு நின்று நிதானமாக. கமலாத்தாள் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெருமாளுக்கா, செவலைக்கா, அவருக்கா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பேச்சை நிறுத்தப் பயமாக இருந்தது. கோயிலைச் சொன்னாள், தேயிலையைச் சொன்னாள், மேகம் கைக்கெட்டப் போனதைச் சொன்னாள். அக்கரையில் புல்லுக்குள்ளிருந்து மிளா மான் ஒன்று குட்டியோடு வெளியே வந்தது. அதையும் சொன்னாள். வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்தது. அப்போதுதான் பால் விழுகிற சத்தம் நின்று வெகு நேரமாகிவிட்டது காதில் உறைத்தது.

"ஏனுங்க, இன்னுமா கறக்கறீங்க?"

"பாலு அப்பவே முடிஞ்சுது. போசிய எடுத்து ஓரமா வெச்சுட்டேன்."

"அப்பறம் என்னத்துக்கு என்னையப் பேச உட்டுட்டுப் பேசாம இருக்கறீங்க?"

சென்னிமலை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கரையில மானு குட்டியோட வந்துதுன்னியே... தண்ணி குடிச்சுதா?"

கமலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தாள்.

"குடிக்குதுங்க" என்றாள். "முதல்ல குட்டியக் குடிக்க உட்டுட்டு, தாய் இப்பத்தான் குனியுது."